ஆர்வி பயணத்துக்கு எந்த ரோட்சைடு உதவித் திட்டத்தை எடுப்பது?

கேள்வி சுருக்கமாக இது: டெக்சாஸில் இருக்கும் ஒரு குடும்பம் பழைய கிளாஸ் சி ஆர்வி (வேன் முகப்பும் பின்னால் வீடு போன்ற பெட்டியும் உள்ள மோட்டார்ஹோம்) ஒன்றை வாங்கியிருக்கிறது. 28 அடி நீளம், ஃபோர்டு ஈ-450 சேசிஸ் (அடிச்சட்டம்). ஜூலையில் ஊரிலிருந்து வரும் பெற்றோரையும் குழந்தைகளையும் ஏற்றிக்கொண்டு யூட்டா, நெவாடா வழியாகக் கலிஃபோர்னியா வரை போய்வரத் திட்டம். காருக்கு டிரிபிள் ஏ (அமெரிக்க வாகன ஓட்டிகள் கிளப்) அட்டை இருக்கிறது. ஆர்விக்கு எடுத்த இன்சூரன்ஸிலும் ரோட்சைடு உதவி, அதாவது வண்டி வழியில் நின்றுவிட்டால் வந்து உதவும் சேவை, சேர்ந்திருக்கிறதாம். இவை போதுமா, தனியாக ஒன்று எடுக்க வேண்டுமா, எடுத்தால் எதை?

முதலில் நேரடியான பதில். காருக்கு எடுத்த டிரிபிள் ஏ இந்த வண்டிக்குப் போதாது. இன்சூரன்ஸில் இருப்பது போதலாம், போதாமலும் இருக்கலாம். அது பாலிசியில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. அது போதாவிட்டால், உங்கள் வண்டியின் எடைக்கும் நீங்கள் போகும் பாதைக்கும், ஆர்விக்கென்றே நடத்தப்படும் திட்டம் ஒன்றை எடுப்பதுதான் சரி என்பது என் கருத்து. ஏன் என்பதை விளக்கினால், எந்தக் கம்பெனியின் விளம்பரத்தைப் பார்த்தாலும் நீங்களே எடைபோட்டுக்கொள்ளலாம்.

திட்டங்களை ஒப்பிடுகிறவர்கள் விலையையும் ‘24 மணி நேரமும் சேவை’ போன்ற வரிகளையும் பார்க்கிறார்கள். அந்த வரிகள் எல்லாத் திட்டத்திலும் உண்டு. பார்க்க வேண்டியவை இரண்டு. உங்கள் வண்டியைத் தூக்கக்கூடிய டோ ட்ரக் (பழுதான வண்டியை இழுத்துப் போகும் லாரி) வருமா? அது எவ்வளவு தூரம், எங்கே கொண்டுபோய் விடும்? இவை இரண்டுக்கும் தெளிவான பதில் கிடைத்துவிட்டால் மற்றவை சில்லறை விஷயங்கள்.

டோ ட்ரக்கிலிருந்து தொடங்குவோம். ஓட்டுநர் கதவைத் திறந்தால் கதவுச் சட்டத்தில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அதில் வண்டியின் உச்ச எடை, அதாவது ஆட்களும் தண்ணீரும் சாமான்களும் சேர்த்து வண்டி எவ்வளவு எடை இருக்கலாம் என்று தயாரிப்பாளர் வைத்த எல்லை, அச்சாகியிருக்கும். ஈ-450 சேசிஸில் அது 14,500 பவுண்டு. சாதாரண கார் நாலாயிரம் பவுண்டு. காரை ஏற்றிப் போக வரும் சின்ன டோ ட்ரக் இதைத் தொடக்கூட முடியாது. போதாததற்குப் பின்னால் ஒவ்வொரு பக்கமும் இரட்டைச் சக்கரம். காருக்கான பல திட்டங்கள் பின்பக்க இரட்டைச் சக்கர வண்டியையே விலக்கி வைத்திருக்கும். அது விதிமுறையின் உள்ளே எங்கோ ஒரு வரியாக இருக்கும்.

எடையைவிடவும் பலர் யோசிக்காத விஷயம் உயரம். ‘பிளாட்பெட் (வண்டியை மேலே ஏற்றும் தட்டையான மேடை உள்ள டோ ட்ரக்) வந்து ஏற்றிக்கொண்டு போய்விடும்’ என்று நினைத்திருப்போம். உங்கள் கிளாஸ் சி, கூரையில் இருக்கும் ஏசியோடு சேர்த்து சுமார் 11 அடி உயரம். பிளாட்பெட்டின் மேடை தரையிலிருந்து மூன்று அடிக்கு மேல். கூட்டினால் 14 அடியைத் தாண்டிவிடும். சாலையில் அனுமதிக்கப்பட்ட உயரம் கிழக்கே பெரும்பாலும் 13 அடி 6 அங்குலம், நீங்கள் போகும் மேற்கு மாநிலங்களில் 14 அடி. ஆக, எடையைத் தாங்கும் பிளாட்பெட் வந்தாலும் உங்கள் வண்டியை ஏற்றினால் பாலத்தில் இடிக்கும், சட்டத்திலும் இடிக்கும். இதற்கு வேண்டியது அடியில் கை நீட்டி முன்பக்க ஆக்சிலைத் தூக்கி இழுக்கும் கனரக டோ ட்ரக். லாரிகளையும் பஸ்களையும் இழுப்பதற்கென்று இருப்பது. அது ஒவ்வொரு ஊரிலும் இருக்காது. ஒரு வட்டாரத்துக்கே ஒன்றிரண்டு இருக்கும் இடங்கள் உண்டு.

அந்த ட்ரக் வந்ததும் என்ன நடக்கும் என்று தெரிந்துவைத்திருப்பது நல்லது. முன்பக்கத்தைத் தூக்கினால் பின்சக்கரங்கள் தரையில் உருளும். அவை உருண்டால் டிரைவ் ஷாஃப்ட் (என்ஜினின் விசையைப் பின்சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் தண்டு) சுழலும், டிரான்ஸ்மிஷனின் உள்ளேயும் பாகங்கள் சுழலும். ஆனால் என்ஜின் ஓடாததால் ஆட்டோமேட்டிக் டிரான்ஸ்மிஷனில் எண்ணெய் பம்ப் ஆகாது. நெடுந்தூரம் இப்படி இழுத்தால் டிரான்ஸ்மிஷன் வெந்துவிடலாம். அதனால் விவரம் தெரிந்த ஆப்பரேட்டர் முதலில் வண்டிக்கு அடியில் படுத்து, பின்பக்க ஆக்சிலோடு சேரும் இடத்தில் டிரைவ் ஷாஃப்ட்டைக் கழற்றுவார். கழற்றிய முனையில் யூ-ஜாயின்ட்டின் சின்னக் கிண்ணங்கள் விழுந்துவிடாமல் டேப் சுற்றி, ஷாஃப்ட்டை மேலே கட்டிவைப்பார். நீங்கள் பக்கத்தில் நின்று இதைப் பாருங்கள். இதைச் செய்யாமல் சங்கிலியை மாட்டுகிறவராக இருந்தால், ‘ஷாஃப்ட்டைக் கழற்றவில்லையா?’ என்று தயங்காமல் கேளுங்கள். இன்னொன்று, கிளாஸ் சி வண்டிக்குப் பின்சக்கரத்துக்குப் பிறகும் பெட்டி நீளமாகத் தொங்கும். முன்னால் அதிகம் தூக்கினால் வால் சாலையில் உரசும். ஆர்வி இழுத்துப் பழகியவருக்கு இது கையில் இருக்கும் பாடம். கார் மட்டும் இழுத்தவருக்கு அல்ல. ஆர்வி திட்டத்துக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணத்தில் பெரும்பங்கு, சரியான ஆளைச் சரியான வண்டியோடு அனுப்புவதற்குத்தான்.

இனி தூரம். திட்டங்கள் இங்கே இரண்டு வகையாகப் பிரிகின்றன. ஒன்று மைல் கணக்கு: இத்தனை மைல் இலவசம், அதற்கு மேல் மைலுக்கு இவ்வளவு. மற்றது ‘அருகில் இருக்கும், இந்த வேலையைச் செய்யத் தகுதியுள்ள பட்டறை வரைக்கும்’, மைல் எல்லை கிடையாது. ஊருக்குப் பக்கத்தில் வண்டி நின்றால் இரண்டும் ஒன்றுதான். நெவாடாவில் அப்படி இல்லை.

டோனோபா என்ற ஊரை வரைபடத்தில் பாருங்கள். லாஸ் வேகஸுக்கும் ரீனோவுக்கும் நடுவில், யு.எஸ். 95 நெடுஞ்சாலையில் இருக்கிறது. லாஸ் வேகஸ் அங்கிருந்து ஏறக்குறைய 210 மைல். ரீனோ அதைவிடக் கொஞ்சம் அதிகம். அந்தப் பக்கத்தில் டிரான்ஸ்மிஷன் போய்விட்டது, வேலை லாஸ் வேகஸில்தான் நடக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 100 மைல் திட்டத்தில் மீதி 110 மைலுக்கு உங்கள் பை திறக்க வேண்டும், அதுவும் கனரக ட்ரக்கின் விகிதத்தில். கையிலிருந்து கொடுத்தால் கனரக டோ பில் ஆயிரம் டாலரைத் தாண்டுவது அதிசயமே இல்லை. எல்லை இல்லாத திட்டத்தில் அந்தக் கவலை இருக்காது. ஆண்டுக்கு ஏறக்குறைய 100 முதல் 300 டாலருக்குள் அடங்கும் சந்தாவில் 50 டாலர் மிச்சம் பிடிப்பதா, இந்த ஒரு வரியைச் சரியாக வைத்துக்கொள்வதா என்றால், இரண்டாவதுதான்.

ஆனால் ‘தகுதியுள்ள பட்டறை’ எது என்பதை முடிவு செய்கிறவர், போனை எடுத்து டோ ட்ரக்கை அனுப்பும் டிஸ்பாட்சர். அவருடைய கணினியில் மிக அருகில் இருக்கும் ஃபோர்டு டீலர் தெரியும். எல்லா ஃபோர்டு டீலரிடமும் 28 அடி ஆர்வியை உள்ளே விட உயரமான கதவோ, தூக்க லிஃப்ட்டோ இருக்காது. அதேபோல என்ஜின் கோளாறுக்கு ஆர்வி டீலரிடம் கொண்டுபோனால் பெரும்பாலும் அவர் தொடமாட்டார். அவர் பார்ப்பது ஃப்ரிட்ஜ், தண்ணீர்க் குழாய், கூரைக் கசிவு. என்ஜின், பிரேக், டிரான்ஸ்மிஷன் எல்லாம் கனரக வண்டி பார்க்கும் ட்ரக் பட்டறையில். அதனால் டோ ட்ரக் கிளம்புவதற்கு முன்னால் நீங்களே அந்தப் பட்டறைக்கு ஒரு போன் போட்டு, ‘ஈ-450 மோட்டார்ஹோம், இவ்வளவு உயரம், எடுத்துக்கொள்வீர்களா, எப்போது பார்ப்பீர்கள்?’ என்று கேட்டுவிடுங்கள். இறக்கிவிட்ட பிறகு இரண்டாவது முறை இழுப்பதற்குத் திட்டம் பணம் தராமல் போகலாம்.

இப்போது பெயர்களுக்கு வருகிறேன். டிரிபிள் ஏ ஒரே கம்பெனி அல்ல, வட்டார கிளப்புகளின் கூட்டமைப்பு. விதிமுறை கிளப்புக்குக் கிளப்பு மாறும். பொதுவாக பிளஸ் என்ற வகை உறுப்பினருக்கு 100 மைல். அதற்கு மேல் வகையான பிரீமியருக்கு ஆண்டில் ஒரு முறை 200 மைல், மற்றபடி 100. ஆண்டுக்கு நான்கு முறை அழைக்கலாம். பெரும்பாலான கிளப்புகளில் ஆர்வியை இழுக்க பிளஸ் ஆர்வி அல்லது பிரீமியர் ஆர்வி என்று மேல்கட்டணம் கட்ட வேண்டும். இதில் ஒரு பெரிய வசதி, இந்த உறுப்பினர் உரிமை ஆளுக்குரியது. நீங்கள் யார் காரில் இருந்தாலும் செல்லும். ஒரு குறையும் உண்டு: சந்தாவை உயர்த்தினால் புதிய சலுகைகள் அன்றைக்கே அமலுக்கு வராமல் சில நாள் காத்திருக்க வேண்டியிருக்கும். சாலையோரத்தில் நின்றுகொண்டு அப்கிரேட் செய்ய நினைக்காதீர்கள்.

குட் சாம், கோச்நெட் இரண்டும் ஆர்விக்காரர்களை வைத்தே வளர்ந்தவை. மைல் எல்லை இல்லாமல் அருகிலுள்ள தகுதியான பட்டறை வரை இழுப்பது இரண்டிலும் அடிப்படை. எஃப்.எம்.சி.ஏ. என்று அறியப்பட்ட ஆர்வி உரிமையாளர் சங்கமும் உறுப்பினர்களுக்கு ரோட்சைடு திட்டம் வைத்திருக்கிறது. இவற்றுக்குள் எது சிறந்தது என்று நான் ஆணித்தரமாகச் சொல்லமாட்டேன். காரணம், இவர்களில் எவரும் நாடு முழுக்கச் சொந்த டோ ட்ரக் நிறுத்திவைத்திருப்பதில்லை. அட்டையில் ஒரு பெயர் இருக்கும், வண்டியோடு வருகிறவர் அந்த ஊர் டோ கடைக்காரர். இரண்டு வேறு திட்டங்களில் அழைத்தாலும் ஒரே ஆள் வந்து நிற்கும் ஊர்கள் உண்டு. வேறுபாடு, போனை எடுப்பவருக்கு ஆர்வி தெரியுமா, கடைக்காரருக்கு ஒழுங்காகப் பணம் போகுமா, முதல் கடைக்காரர் மறுத்தால் அடுத்தவரைத் தேடிப் பிடிப்பார்களா என்பதில்தான்.

இன்சூரன்ஸில் சேர்ந்து வரும் ரோட்சைடை மட்டமாக நினைக்காதீர்கள். விலை மிகக் குறைவு, சில கம்பெனிகளின் ஆர்வி பாலிசியில் தகுதியான பட்டறை வரை என்ற அதே வரியே இருக்கும். ஆனால் மூன்றைப் பார்க்க வேண்டும். அவர்களே டோ கடைக்காரருக்கு நேரடியாகப் பணம் கொடுக்கிறார்களா, அல்லது நீங்கள் கொடுத்துவிட்டு ரசீதை அனுப்ப வேண்டுமா? ஒரு முறைக்கு இத்தனை டாலர்தான் என்ற உச்சவரம்பு இருக்கிறதா? 100 டாலர் வரம்பு காருக்குச் சரி, உங்களுக்குப் பயனே இல்லை. மூன்றாவது, அழைப்புகள் கிளெயிம் கணக்கில் ஏறுமா என்பது. இதை ஏஜென்ட்டிடம் வாயால் கேட்பதோடு விடாமல், எழுத்தில் அனுப்பச் சொல்லுங்கள்.

டயர் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கோடையில் ஆர்வி நிற்பதற்கு முக்கியமான காரணங்களில் ஒன்று அது. திட்டத்தில் ‘டயர் மாற்றும் சேவை’ என்று இருப்பதன் பொருள், உங்களிடம் இருக்கும் காற்றடித்த ஸ்டெப்னியை அவர்கள் மாட்டிவிடுவார்கள் என்பதே. பல மோட்டார்ஹோம்கள் ஸ்டெப்னி இல்லாமலே விற்கப்படுகின்றன. முதல் வேலையாக உங்கள் வண்டியில் இருக்கிறதா, இருந்தால் எத்தனை வயது என்று பாருங்கள். ஸ்டெப்னி இல்லையென்றால் டயரைத் தேடி அங்கேயே கொண்டுவந்து மாட்டித்தருவார்களா என்று கேளுங்கள். ஆர்வி திட்டங்கள் இதைச் செய்யும். டயரின் விலை உங்களுடையது. ஈ-450க்குரிய 16 அங்குல டயர் எங்கும் கிடைக்கும் அளவு, அது உங்களுக்கு ஒரு நல்ல செய்தி. பஸ் போன்ற பெரிய கிளாஸ் ஏ வண்டிகளின் 22.5 அங்குல டயர் என்றால் லாரி டயர் கடைக்குத்தான் போக வேண்டும்.

டயரின் பக்கச் சுவரில் ‘டாட்’ (DOT) என்ற எழுத்துகளோடு தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு எண்களைப் படியுங்கள். 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. அந்த எண்கள் சக்கரத்தின் ஒரு பக்கத்தில் மட்டுமே இருக்கலாம்; உள்பக்கமாகத் திரும்பியிருந்தால் டார்ச்சோடு அடியில் குனிந்துதான் பார்க்க முடியும். ஆர்வி டயர்கள் தேய்ந்து போவதைவிட வெயிலில் நின்றே முதுமையடைகின்றன. டயரின் பட்டன் (தரையைத் தொடும் பகுதி) புதிதுபோல இருந்தாலும் ஆறேழு ஆண்டு ஆகியிருந்தால் பாலைவனத்துக்குப் போகுமுன் மாற்றிவிடுங்கள். பழைய வண்டி வாங்கியிருக்கும் உங்களுக்கு, எந்தத் திட்டத்தையும்விட இது அதிகம் காப்பாற்றும். பின்பக்க இரட்டைச் சக்கரத்தில் உள்சக்கரம் காற்றிறங்கினால் வெளியிலிருந்து தெரியாது, வெளிச்சக்கரமே முழு பாரத்தையும் சுமந்து சூடேறி அதுவும் வெடிக்கும். ஆறு சக்கரத்துக்கும் காற்றழுத்த சென்சார் போடுவது வீண் செலவு அல்ல.

பேட்டரிக்கு ஜம்ப் கொடுக்க ஆள் அழைப்பதற்கு முன்னால், டாஷ்போர்டில் பேட்டரி பூஸ்ட் என்றோ எமர்ஜென்சி ஸ்டார்ட் என்றோ ஒரு பட்டன் இருக்கிறதா என்று பாருங்கள். ஆர்வியில் என்ஜினுக்கு ஒரு பேட்டரி, வீட்டுப் பகுதிக்குத் தனி பேட்டரி. அந்தப் பட்டனை அழுத்திக்கொண்டே சாவியைத் திருப்பினால் வீட்டு பேட்டரி என்ஜின் பேட்டரிக்குக் கைகொடுக்கும். அதேபோல வண்டியை நிறுத்தியதும் பக்கவாட்டில் வெளியே நீளும் ஸ்லைடு அறை அப்படியே சிக்கிக்கொண்டால், என்ஜின் நன்றாக இருந்தாலும் வண்டி நகர முடியாது, எந்த டோ ட்ரக்கும் இழுக்காது. அதைக் கையால் உள்ளே தள்ளும் வழி எங்கே இருக்கிறது, எந்த ஸ்பேனர் வேண்டும் என்பதை வீட்டு வாசலிலேயே ஒரு முறை செய்து பார்த்துவிடுங்கள். போனில் தொழில்நுட்ப ஆலோசனை தரும் திட்டங்கள் இந்த மாதிரி நேரத்தில்தான் உதவும். நடமாடும் மெக்கானிக்கையும் அனுப்புவார்கள், ஆனால் அவருடைய கூலி பெரும்பாலும் உங்கள் கணக்கு.

எங்கே நின்றால் வரமாட்டார்கள் என்பதும் எழுதியிருக்கும். அரசு பராமரிக்கும் சாலையை விட்டு விலகி, மணலிலோ ஆற்றுப்படுகையிலோ மாட்டிக்கொண்டால் பல திட்டங்கள் கைவிரித்துவிடும். அல்லது சாலையிலிருந்து இத்தனை அடிக்குள் இருந்தால்தான் வின்ச் போட்டு, அதாவது கம்பிவடத்தால், இழுப்போம் என்பார்கள். யூட்டாவில் மண் சாலைகள் கூப்பிடும், போகாதீர்கள். இன்னொரு வகை, கட்டணச் சாலைகள். நியூயார்க் த்ரூவே, நியூஜெர்சி டர்ன்பைக் போன்றவற்றில் அந்தச் சாலை நிர்வாகம் அனுமதித்த டோ கடைக்காரர் மட்டுமே இழுக்கலாம். அங்கே உங்கள் திட்டத்தின் ஆள் உள்ளே வர முடியாது. பணம் கொடுத்து வெளியே வந்து, பிறகு திரும்பக் கேட்க வேண்டும். உங்கள் பாதையில் இவை இல்லை, இன்னொரு கோடையில் கிழக்கே போனால் நினைவில் இருக்கட்டும்.

போன் சிக்னல் இல்லாவிட்டால் எந்த அட்டையும் வெறும் பிளாஸ்டிக்தான். நெவாடாவின் நடுப்பகுதியிலும் தெற்கு யூட்டாவிலும் நெடுந்தூரம் சிக்னல் கிடைக்காத சாலைகள் உண்டு. ஐபோன் 14 அல்லது அதற்குப் பிந்தைய போன் இருந்தால், 2023 முதல் அமெரிக்காவில் செயற்கைக்கோள் வழியாகவே டிரிபிள் ஏ ரோட்சைடுக்குச் செய்தி அனுப்பும் வசதியை ஆப்பிள் தந்திருக்கிறது. உறுப்பினர் இல்லாதவரும் பணம் கொடுத்து அழைக்கலாம். ஆர்வி சேர்ப்பு இல்லாத காரணத்தால் இழுவை கிடைக்காமல் போனாலும், நீங்கள் நிற்கும் இடம் ஒருவருக்குத் தெரிந்துவிடுகிறதே, அது பெரிது. கார்மின் இன்ரீச் போன்ற செயற்கைக்கோள் செய்திக் கருவியும் இதே பயனைத் தரும். அப்பா அம்மாவோடு போகும் பயணத்தில் இரண்டில் ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும் என்பேன்.

அவர்களுக்காக இன்னொன்றும். கனரக ட்ரக் வர மூன்று நான்கு மணி நேரம் ஆகலாம். அந்த வெயிலில் ஜெனரேட்டர் ஓடினால்தான் கூரை ஏசி ஓடும். ஜெனரேட்டர் உங்கள் என்ஜினின் அதே பெட்ரோல் டாங்கிலிருந்துதான் குடிக்கும், டாங்க் ஏறக்குறைய கால்வாசிக்கு வந்ததும் தானாக நின்றுவிடும், வண்டி ஊர் போய்ச் சேரட்டும் என்று அப்படிக் குழாயை வைத்திருப்பார்கள். ஆகவே பாலைவனப் பகுதியில் டாங்கைப் பாதிக்குக் கீழே இறங்க விடாதீர்கள். ஜெனரேட்டர் ஓடும்போது கார்பன் மோனாக்சைடு அலாரம் வேலை செய்வதையும் உறுதி செய்துகொள்ளுங்கள், பழைய வண்டியில் அதன் ஆயுள் முடிந்திருக்கலாம்.

திட்டத்தில் பணம் கட்டும் முன் ஒரு போன் செய்யுங்கள். விற்பனைப் பிரிவுக்கு அல்ல, முடிந்தால் உறுப்பினர் சேவைப் பிரிவுக்கு. ‘2009 கிளாஸ் சி, 28 அடி, 11 அடி உயரம், 14,500 பவுண்டு, பின்னால் இரட்டைச் சக்கரம். டோனோபாவில் ஞாயிற்றுக்கிழமை டிரான்ஸ்மிஷன் போனால் என்ன செய்வீர்கள்?’ என்று உங்கள் வண்டியின் உண்மையான ஆண்டையும் அளவையும் சொல்லிக் கேளுங்கள். எதிர்முனையில் இருப்பவர் எடையைக் குறித்துக்கொண்டு, எங்கே கொண்டுபோவார்கள் என்று சொல்ல முயன்றால் நல்ல இடம். ‘எல்லாம் கவர் ஆகும் சார்’ என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னால் அந்தப் பேச்சை அப்படியே எழுதி மின்னஞ்சலில் அனுப்பக் கேளுங்கள். அப்புறம் குடும்பத்தில் யாரெல்லாம், எந்தெந்த வண்டியெல்லாம் சேரும் என்றும் கேளுங்கள். ஆர்விக்குப் பின்னால் கார் இழுத்துப் போவதாக இருந்தால் அதுவும் சேர வேண்டும். முதல் ஆண்டு தள்ளுபடி விலை அடுத்த ஆண்டு தானாகப் புதுப்பிக்கப்படும்போது எவ்வளவு ஆகும் என்பதையும் விடாதீர்கள்.

‘பயணம் தடைபட்டால் ஹோட்டல் செலவு தருவோம்’ என்ற வரி கவர்ச்சியாக இருக்கும். சில திட்டங்களில் அது விபத்துக்கு மட்டும், கோளாறுக்கு இல்லை. வீட்டிலிருந்து 100 மைலுக்கு மேல் இருக்க வேண்டும் என்றும் இருக்கும். அதற்காகத் திட்டத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள். உங்களுக்கு வண்டியே வீடு என்பதால், பட்டறையில் விட்ட மறுநிமிடம் ஆறு பேருக்கு அறையும், போய்ச்சேர வாகனமும் வேண்டும். கனரக டோ ட்ரக்கின் முன்சீட்டில் ஆறு பேர் ஏற முடியாது. குடும்பத்தை எப்படிக் கொண்டுபோவீர்கள் என்று டிஸ்பாட்சரிடம் முதல் அழைப்பிலேயே கேட்டுவிட வேண்டும்.

வண்டி நின்றுவிட்ட நேரத்தில் செய்ய வேண்டியது சுருக்கமாகத்தான் இருக்கிறது. சாலையின் வெள்ளைக் கோட்டை ஒட்டி நின்றிருக்கிறீர்கள், பக்கத்தில் லாரிகள் பறக்கின்றன என்றால் அது ரோட்சைடு அழைப்பு அல்ல, 911 என்ற அவசர எண்ணுக்கான அழைப்பு. போலீஸ் பின்னால் விளக்குப் போட்டு நிற்கும்வரை யாரும் வண்டிக்கும் போக்குவரத்துக்கும் நடுவில் நிற்கக்கூடாது. பெரியவர்களைத் தடுப்புக் கம்பிக்கு அப்பால் உட்கார வையுங்கள். ஆபத்தில்லாத இடமென்றால் திட்டத்தை அழையுங்கள். நெடுஞ்சாலை எண், போகும் திசை, கடைசியாகப் பார்த்த மைல் கல், இவற்றைச் சொல்லுங்கள். வண்டியின் நீளம், உயரம், எடையை ஒரு அட்டையில் எழுதி சன்வைசரில் செருகி வைத்தால் பதற்றத்தில் தேட வேண்டாம். கேஸ் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். நீங்களாக வேறு டோ ட்ரக்கை அழைத்துவிட்டுப் பிறகு பணம் கேட்டால், முன் அனுமதி இல்லை என்று மறுப்பார்கள். அனுமதி கேட்டு அழைத்தால் தருவதுண்டு.

இதே கேள்வி வேறு வண்டிக்கு வந்திருந்தால் என் பதில் கொஞ்சம் மாறும். ஸ்பிரின்ட்டர், புரோமாஸ்டர் வேனில் கட்டிய கிளாஸ் பி என்றால், பெரிய ஊர்களை ஒட்டியே போவதாக இருந்தால், டிரிபிள் ஏ பிளஸ் ஆர்வி தாராளமாகப் போதும். டிரெய்லர் இழுப்பவர்கள் ஒன்றே ஒன்றைக் கேட்க வேண்டும்: இழுக்கும் பிக்கப் நின்றுவிட்டால், டிரெய்லரையும் சேர்த்து இரண்டையும் எடுத்துப் போவீர்களா? வாடகை ஆர்வி என்றால் பெரும்பாலும் வாடகைக்கு விடுகிறவரே ரோட்சைடு எண் தருவார். ஆனால் மண் சாலையில் போனது, தவறான எரிபொருள் நிரப்பியது போன்றவற்றுக்கு அது செல்லாது என்று ஒப்பந்தத்தில் இருக்கும், கையெழுத்துப் போடும் முன் படித்துவிடுங்கள்.

உங்கள் விஷயத்துக்கு நான் இப்படிச் செய்வேன். காருக்கான டிரிபிள் ஏ அட்டை அப்படியே இருக்கட்டும், அதை உயர்த்த வேண்டாம். இன்சூரன்ஸ் பாலிசியில் ரோட்சைடு பக்கத்தைப் படித்து, தகுதியான பட்டறை வரை மைல் எல்லை இல்லை, டாலர் வரம்பு இல்லை, நேரடிப் பணம் என்று மூன்றும் இருந்தால் அதையே வைத்துக்கொண்டு தனித் திட்டம் எடுக்காமல் விடலாம். மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும், குட் சாம் அல்லது கோச்நெட்டில் அந்த டோனோபா கேள்விக்குத் தெளிவாகப் பதில் சொன்னவரிடம் ஓராண்டுக்கு எடுங்கள். ஜூலைப் பயணம் என்றால் ஜூன் நடுவிலேயே எடுத்துவிடுங்கள், காத்திருப்பு நாட்கள் ஏதும் இருந்தால் கழிந்துவிடும். அதே வாரத்தில் டயர் எண்களையும் படித்துவிடுங்கள்.